இருட்டாத ஊரில் மணி பார்ப்பது

புறப்படுவதற்கு முந்தின நாள் அண்ணன் தென்காசியிலிருந்து மதுரைக்கு வந்து, அரைக் கிலோ பால்கோவாவை என் கையில் திணித்துவிட்டுப் போனார். அவர் மகள் நார்வேயில், பெர்கன் நகரத்தில் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறாள். ஒன்றரை வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. அப்பா மனசு கேட்குமா?

அன்று ராத்திரி ஃபோனில் அவளிடம் சொன்னேன். "அத்தை, அத ஃப்ரிட்ஜுல வச்சிட்டு வாங்க. பால்ல செஞ்ச எதையும் இங்க உள்ள விட மாட்டாங்க" என்றாள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து போகிறவர்கள் பால் பொருளோ இறைச்சியோ கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே விதி. நெய்யும் இதில் அடக்கம். புளிக்காய்ச்சலையும் பருப்புப்பொடியையும் மட்டும் கட்டிக்கொண்டேன். நீங்கள் போவதாக இருந்தால் முதலில் இதைத்தான் சொல்லிவைப்பேன். விசா, இன்சூரன்ஸ் எல்லாம் ஏஜென்ட்டே சொல்லிவிடுவார்கள், பால்கோவாவைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு வயது 47. குற்றாலச் சாரலில் வளர்ந்தவள், கிணற்றில் நீச்சல் பழகியவள், அகத்தியமலைக்கு ஒரு தடவை ஏறி இறங்கியவள். அதனால் மலை, அருவி, தண்ணீர் மூன்றும் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. ஜூன் மூன்றாவது வாரம் நேரோய் ஃபியோர்டில், மலைகளுக்கு நடுவே நாட்டுக்குள் நீளமாக நுழைகிற ஒரு கடல் கிளையில், நான்கு நாள் இருந்தபோது அந்த நினைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது.

பெயரைச் சொல்லிவிடுகிறேன். நாம் ஃபியோர்டு என்கிறோம். அவர்கள் கடைசி 'ட்' ஓசையை விழுங்கிவிட்டு 'ஃபியூர்' என்கிறார்கள். பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது இது உதவும். நார்வேயிலேயே நீளமான சொங்னெ ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நாட்டுக்குள் நுழைகிறது. ஆழமான இடத்தில் 1,300 மீட்டர் இருக்கும். அதிலிருந்து பிரிவது அவுர்லான் ஃபியோர்டு. அதிலிருந்தும் ஒரு கிளை பிரிகிறது, அதுதான் நேரோய். நீளம் சுமார் 17 கிலோமீட்டர், ஒடுக்கமான இடத்தில் அகலம் 250 மீட்டர்தான். 2005இல் கெய்ராங்கர் ஃபியோர்டோடு சேர்த்து இதையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. பனியாறு பல்லாயிரம் வருடம் மலையைச் செதுக்கிக்கொண்டே போய், பிறகு உருகி விலகியதும் அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்து உட்கார்ந்துகொண்டது. பார்த்தால் ஏரி மாதிரி இருக்கும், நக்கிப் பார்த்தால் லேசாக உப்புக் கரிக்கும். பனி உருகி வரும் நன்னீர் மேலே மிதப்பதால் முழு உப்பு தெரியாது.

பெர்கனிலிருந்து மிர்டால் என்ற மலை ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து ஃப்லோம் வரை இன்னொரு ரயில். இந்த இரண்டாவது ரயில் 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் 860 மீட்டருக்கு மேல் இறங்குகிறது, வழியில் 20 சுரங்கங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை ஆட்களே கையால் குடைந்திருக்கிறார்கள். பாதி வழியில் ஷோஸ் அருவி முன்னால் ஐந்து நிமிடம் நிறுத்துவார்கள். எங்கிருந்தோ பாட்டுக் கேட்கும். சிவப்பு உடுத்திய ஒரு பெண் பாறை மேல் தோன்றி ஆடிவிட்டு மறைவாள். ஹுல்ட்ரா என்ற காட்டு மோகினியாம், ஆண்களை மயக்கிக் கூட்டிப்போய்விடுவாளாம். அது சுற்றுலாக்காரர்களுக்கான ஏற்பாடு என்று தெரிந்தும், அருவியின் இரைச்சலில் எனக்குச் சிலிர்த்துவிட்டது. மருமகள் மட்டும் கைபேசியை விட்டுத் தலை நிமிரவில்லை. நாலாவது தடவையாகப் பார்க்கிறாளாம்.

ஃப்லோமில் இறங்கியபோது மலையை மறைத்துக்கொண்டு ஒரு சொகுசுக் கப்பல் நின்றது. சில நூறு பேர் வாழ்கிற ஊரில் அன்றைக்குச் சில ஆயிரம் பேர். நினைவுப்பொருள் கடையில் வரிசை, கழிப்பறையில் வரிசை. ஃப்லோமை ரயில் மாறுகிற இடமாக மட்டும் வைத்துக்கொண்டு, தங்குவதைப் பக்கத்து ஊர்களான அவுர்லானிலோ குட்வாங்கனிலோ வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நாங்கள் குட்வாங்கன் போனோம். படகில் போனால் இரண்டு மணி நேரம், பஸ்ஸில் இருபது நிமிடம். பஸ் முதலில் 5 கிலோமீட்டர் சுரங்கம், பிறகு ஒரு கண்சிமிட்டல் வெளிச்சம், அப்புறம் 11 கிலோமீட்டர் சுரங்கம் என்று போகிறது. போகும்போது படகு, வரும்போது பஸ் என்று வைத்துக்கொண்டோம். இப்போது அந்தப் படகு மின்சாரத்தில் ஓடுகிறது. புகை இல்லை, உறுமல் இல்லை, கரையில் கத்துகிற ஆடு மேல்தளம் வரைக்கும் கேட்கிறது.

அந்தப் படகின் மேல்தளத்தில்தான் கண் முதல் தடவையாக என்னை ஏமாற்றியது. ஒரு பாறைச் சுவரைப் பார்த்து, "திருப்பரங்குன்றம் ரெண்டு மடங்கு இருக்குமா?" என்று கேட்டேன். மருமகள் பதில் சொல்லாமல் அதன் அடியில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினாள். உற்றுப் பார்த்தேன். அது மாடி வைத்த வீடு. அந்த வீட்டைப் பார்த்த பிறகு மேலே நிமிர்ந்தபோதுதான் சுவரின் உயரம் உறைத்தது. இங்கே மலைகள் தண்ணீரிலிருந்து ஒரே மூச்சில் ஆயிரம் மீட்டருக்கு மேல் எழும்புகின்றன. நடுவில் பனைமரமோ கோபுரமோ மாட்டுவண்டியோ இல்லை, எதை வைத்துக் கண் அளக்கும்?

இன்னொன்று அருவி. குட்வாங்கனுக்கு மேலே ஷேல் அருவி விழுகிறது, மொத்த உயரம் சுமார் 700 மீட்டர். கீழே நின்று பார்க்க அது மெதுவாக விழுவது போல இருந்தது, சோம்பலாக, பஞ்சு உதிர்வது மாதிரி. குற்றாலத்தில் பேரருவி தலையில் அடிக்கிற அடியை வாங்கியவளுக்கு இது என்ன அருவி என்று தோன்றியது. ஒரு நுரைத் திட்டைக் கண்ணால் பிடித்து எண்ணத் தொடங்கினேன். பதினாறு வரை எண்ணியும் அது தரைக்கு வரவில்லை, நடுவிலேயே புகையாகிப் போனது. அருவி மெதுவாக விழுவதாகத் தெரிந்தால், அது நம் கண்ணுக்குப் பழக்கமில்லாத உயரம் என்று அர்த்தம்.

நாங்கள் தங்கியது கேம்பிங் மைதானத்தில் ஒரு மரக் குடில். ஹுத்தே என்கிறார்கள். அறைக்குள் கட்டில், அடுப்பு, கெட்டில் இருக்கும். போர்வை விரிப்புக்குத் தனிக் காசு. காலி செய்யும்போது நாமே பெருக்கித் துடைத்துவிட்டுப் போகவேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை. நார்வேயில் ஞாயிறன்று மளிகைக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பது இத்தனை வருடம் அங்கே இருக்கிற மருமகளுக்கே அன்றைக்கு மறந்துவிட்டது. அரிசி இல்லை. பெட்ரோல் பங்க்கில் கிடைத்த ரொட்டியில் புளிக்காய்ச்சலைத் தடவிச் சாப்பிட்டோம். பசிக்கு மோசமில்லை.

மறுநாள் காலை முழுக்க மழை. மதியம் விட்டது. பக்கத்தில் பாக்கா என்ற சிற்றூர், வெள்ளை மரத் தேவாலயமும் விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளும்தான். அங்கிருந்து ரிம்ஸ்டீகன் என்ற பாதை ஏறுகிறது. கோடையில் ஆடுமாடுகளை மேலே மேய்ச்சலுக்கு ஓட்டிப்போன பழைய பாதை. உச்சிக்குச் சுமார் 700 மீட்டர் ஏற்றம். "தூரம் எவ்வளவு?" என்று கேட்டேன். சில கிலோமீட்டர்தான் என்றாள். அவ்வளவுதானா? அழகர்மலையில் ராக்காயி கோயிலுக்கு நடக்கிற மாதிரி என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கணக்கில் மூன்று தப்பு.

முதல் தப்பு தூரத்தைக் கேட்டது. கேட்டிருக்க வேண்டியது ஏற்றத்தை. பிறகுதான் வரைபடத்தைக் காட்டினாள். நார்வேயின் மலை வரைபடங்களில் ஓர் உயரக்கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 20 மீட்டர் ஏற்றம். கோடுகள் விலகி நின்றால் சாய்வு, நெருங்கி நின்றால் செங்குத்து. ரிம்ஸ்டீகன் இருக்கிற இடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, காபி கொட்டின கறை மாதிரி இருந்தது. அதைப் போவதற்கு முன்னால் பார்த்திருந்தால் காலையில் கிளம்பியிருப்போம், அல்லது வேறு பாதை பார்த்திருப்போம். அங்கே பாதைகளைப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று தரம் பிரித்திருக்கிறார்கள். பச்சை எல்லாருக்கும். சிவப்பும் கறுப்பும் பழகின கால்களுக்கு. நார்வேக்காரர்களின் சிவப்பு நம்முடைய சிவப்பு இல்லை. அவர்கள் ஐந்து வயதுக் குழந்தையை இடுப்பில் கயிறு கட்டி மலைக்குக் கூட்டிப்போகிற ஜனங்கள்.

இரண்டாவது தப்பு உடுப்பு. மேலே நல்ல மழைக்கோட்டு போட்டிருந்தேன், உள்ளே பருத்திச் சுடிதார். மதுரை வெயிலில் பருத்தியைப் போல ஒரு துணி கிடையாது. ஆனால் குளிர் நாட்டில் ஏறும்போது வேர்வையைக் குடித்து ஊறிப்போய், நின்றதும் அந்த ஈரம் அப்படியே சில்லிடும். உள்ளாடையிலிருந்தே கம்பளி இருக்கவேண்டும், அது நனைந்தாலும் சூடு காக்கும். அதன்மேல் ஒரு கம்பளிச் சட்டை, அதன்மேல் காற்றும் மழையும் புகாத கோட்டு. மூன்று அடுக்கு. ஊரிலிருந்தே வாங்கிப் போகவேண்டும் என்பதில்லை. பெர்கனில் பழைய துணி விற்கிற கடைகளில் நல்ல கம்பளி மலிவாகக் கிடைக்கிறது. எனக்கு இந்த விஷயம் மறுநாள்தான் தெரியும்.

மூன்றாவது தப்புதான் பெரியது. மாலை ஐந்து மணிக்கு ஏறத் தொடங்கினோம்.

ஐந்து மணி என்று ஒரு நிமிடம்கூட உறைக்கவில்லை. வெளிச்சம் காலை பத்து மணி போல இருந்தது. ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு பதினொன்று ஆகிறது; மறைந்த பிறகும் முழு இருட்டு வருவதில்லை. நமக்கெல்லாம் உடம்புக்குள் ஒரு மணி இருக்கிறது. பொழுது சாய்ந்தால் கால் தானாக வீட்டைப் பார்த்துத் திரும்பும். காகம் கூடு திரும்பும், விளக்கு ஏற்றுவார்கள், 'இருட்டிப்போச்சு, வா' என்று யாராவது கூப்பிடுவார்கள். அங்கே அந்தக் குரல் இல்லை. வெளிச்சம் இருக்கிறதே என்று கண் சொல்லிக்கொண்டே இருக்கிறது, உடம்பு அதை நம்பி நடந்துகொண்டே இருக்கிறது.

பாதை முதல் வளைவிலேயே நிமிர்ந்துவிட்டது. காலையில் பெய்த மழையில் வேர்கள் எண்ணெய் தடவினது போல வழுக்கின. கையை ஊன்றி ஏறவேண்டிய இடங்கள் வந்தன. மூன்று தடவை "அதோ உச்சி" என்றேன். மூன்று தடவையும் அது உச்சி இல்லை, அடுத்த ஏற்றத்தின் அடி. வழியில் இறங்கி வந்த ஒரு வயதான தம்பதி "ஹேய்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் முகம் பார்க்காத நார்வேக்காரர்கள், மலையில் மட்டும் எதிரில் வருகிற எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறார்கள். அவர்கள் இறங்குகிற நேரத்தில் நாங்கள் ஏறிக்கொண்டிருக்கிறோம் என்பதையாவது கவனித்திருக்கலாம்.

ஒரு பாறையில் உட்கார்ந்தோம். நடக்கும்வரை தெரியாத குளிர், உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் முதுகில் ஈரத் துண்டு போட்ட மாதிரி ஏறியது. பல் கிட்டியது. கீழே ஃபியோர்டு பச்சைக் கண்ணாடிச் சில்லாகக் கிடந்தது. அதில் போன படகு ஓர் எறும்பு. மருமகள் கைபேசியைப் பார்த்தாள். "உயரம் நானூத்தி எம்பது. அத்தை, மணி என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

"ஆறு இருக்குமா?"

"ஏழு அம்பது."

பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்துப் பிரித்தாள். க்விக் லுன்ஷ் என்று பெயர், மலைக்குப் போகிற எல்லார் பையிலும் இருக்குமாம். உறையின் உட்பக்கத்தில் மலை விதிகள் அச்சடித்திருந்தன. மொத்தம் ஒன்பது. போகிற இடத்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ, வானிலையைப் பார், வரைபடத்தையும் திசைகாட்டியையும் பயன்படுத்து, இந்த மாதிரி. 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலையில் பலர் இறந்துபோன பிறகு நாடு முழுக்கப் பரப்பினார்கள் என்றாள். எட்டாவது விதியை விரலால் காட்டி நார்வே மொழியில் வாசித்தாள்: "டே ஆர் இங்கென் ஸ்காம் ஓ ஸ்னூ." திரும்பிப்போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எனக்கு வெட்கம் இருந்தது, உள்ளதைச் சொல்லவேண்டும். இன்னும் இருநூறு மீட்டர்தானே என்று மனசு கெஞ்சியது. இத்தனை லட்சம் செலவழித்து இன்னொரு தடவை வரவா போகிறோம்? அவள் ஒன்றும் வற்புறுத்தவில்லை. தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "எறங்கும்போது முட்டி எப்படி இருக்கும்னு மட்டும் யோசிச்சுக்கோங்க" என்றாள். யோசித்தேன். திரும்பினோம்.

இறங்க இரண்டரை மணி நேரம் பிடித்தது. ஏறும்போது மூச்சுத்தான் வாங்கியது, இறங்கும்போது முட்டி இரண்டும் தறி போல ஆடின. பாதி இடங்களில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டே வந்தேன். உச்சிவரை போயிருந்தால் அந்தக் கால் என்னைக் கீழே கொண்டுவந்திருக்காது. உதவி கேட்டிருந்தால் வந்திருப்பார்கள். மலை மீட்புக்கு அங்கே கட்டணமும் வாங்குவதில்லை, செஞ்சிலுவைத் தொண்டர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வருகிறார்கள். அதனால்தான் கூடுதல் வெட்கமாக இருந்திருக்கும். ஆம்புலன்ஸ் 113, போலீஸ் 112, தீயணைப்பு 110. இவற்றைக் கைபேசியில் மட்டுமல்ல, மனசிலும் போட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

குடிலுக்குத் திரும்பியபோது மணி பதினொன்றரை. சாவித் துவாரம் தெரிகிற வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த நாளுக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். கிளம்பும்போதே திரும்பும் மணியை முடிவு செய்து கைபேசியில் அலாரம் வைப்பது. எங்கே இருந்தாலும், எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும், அது அடித்தால் திரும்புவது. ஏறுவதற்கு ஆன நேரமே இறங்கவும் ஆகும் என்று என் முட்டிக்குக் கணக்கு வைத்தோம். வானிலைக்கு அங்கே எல்லாரும் பார்ப்பது யர் என்ற தளம், நார்வே வானிலைத் துறையும் அரசு ஒளிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. அதில் மணிவாரியாகப் பார்க்கவேண்டும். 'நாளைக்கு மழை' என்றால் நாள் முழுக்க மழை என்று அர்த்தமில்லை. அதைவிட, மேகத்தின் படத்தை விட்டுவிட்டுக் காற்றின் எண்ணைப் பாருங்கள்.

காற்றைப் பற்றிக் கற்றுக்கொண்டது கயாக்கில், துடுப்புப் போட்டு ஓட்டுகிற ஒடுக்கமான சின்னப் படகில்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே கயாக்காரர்கள் எங்களை வரச்சொல்லியிருந்தார்கள். ஏன் இவ்வளவு சீக்கிரம், விடுமுறைதானே என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். வெயில் அடிக்கிற கோடை நாளில், உள்நிலம் சூடாகி மதியத்துக்கு மேல் ஃபியோர்டின் வாயிலிருந்து உள்ளே காற்று கிளம்புமாம். இரண்டு பக்கமும் சுவர் என்பதால் அது குழாயில் ஊதினது போல வேகம் பிடிக்கும். காலையில் கண்ணாடியாகக் கிடந்த தண்ணீர் மூன்று மணிக்கு நெளிநெளியாக ஆகிவிடும். அதனால் காலையில் வெளியே துடுப்புப் போட்டு, மதியம் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம். யாரும் சொல்லாமல் நாமாக வாடகைக்கு எடுத்து மதியம் வெளியே போனால், காற்று நெஞ்சில் நிற்கும். கடல் கயாக்கைத் தனியாக எடுக்கச் சில இடங்களில் பயிற்சிச் சான்றும் கேட்கிறார்கள். முதல் தடவை என்றால் வழிகாட்டியோடு போவதுதான் புத்தி.

எங்கள் வழிகாட்டி ஓர் இளம்பெண். கரையில் வைத்து ட்ரை சூட் மாட்டிவிட்டாள். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் இறுக்கும், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் புகாது. (பெண்களுக்கு ஒரு வார்த்தை: மாட்டுவதற்கு முன்னால் கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள். கழற்றி மாட்டக் கால் மணி நேரம் ஆகும், நடுத்தண்ணீரில் யாரும் உதவ முடியாது.) எனக்கு நீச்சல் தெரியும், இது எதற்கு என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. "கையைத் தண்ணீரில் வையுங்கள்" என்றாள். குனிந்து மணிக்கட்டுவரை முக்கினேன். முதலில் சுகம். அரை நிமிடத்தில் எலும்புக்குள் ஒரு வலி தொடங்கியது. மூன்று நிமிடம் கழித்து எடுக்கச் சொல்லி, லைஃப் ஜாக்கெட்டின் பக்கிளைப் பூட்டச் சொன்னாள். விரல்கள் என்னுடையவை இல்லை. மூன்று தடவை தவறியது. நாலாவது தடவை இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கிப் பூட்டினேன்.

அதற்குப் பிறகு அவள் சொன்னது நன்றாக ஏறியது. குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது, அந்த நிமிடத்தில் நீந்தப் பார்க்காமல் மிதக்கவேண்டும். அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும், எதைப் பிடித்து ஏறவேண்டுமோ அதற்குள் ஏறிவிடவேண்டும். அதற்கப்புறம் உடம்பின் சூடு முழுக்க இறங்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகலாம், ஆனால் கை வேலை செய்யாதபோது லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் அந்த ஒரு மணி நேரம் கிடைக்காது. கிணற்று நீச்சலுக்கு இதில் இடமே இல்லை.

இருவர் உட்காரும் கயாக். மருமகள் பின்னால், சுக்கான் அவள் காலில். தண்ணீரில் இறங்கியதும் எல்லாச் சத்தமும் விலகிப்போனது. துடுப்பிலிருந்து சொட்டுகிற நீர், எங்கோ மேலே ஓர் ஓடை, அவ்வளவுதான். படகின் மேல்தளத்திலிருந்து பார்த்த அதே இடம், ஆனால் இடுப்பளவுக்குத் தண்ணீருக்குள் உட்கார்ந்து பார்த்தபோது சுவர்கள் தலைக்கு மேல் சாய்ந்தன. இருபது அடி தள்ளி, ஈரமான ஒரு கறுப்புத் தலை எழுந்தது. கடல்நாய். மீசையோடு எங்களைப் பார்த்துவிட்டு, அக்கறை இல்லாமல் மூழ்கிப்போனது.

பயணப் படகு கடந்தபோது வழிகாட்டி விசில் அடித்தாள். படகு போய் ஒரு நிமிடம் கழித்துத்தான் அதன் அலை வந்து சேரும், அதுவரை ஒன்றுமில்லை என்று கண் சொல்லும். பாறைச் சுவருக்குப் பக்கத்தில் நின்றால் அலை மோதித் திரும்பி இரண்டு பக்கமும் குலுக்கும். அதனால் சுவரைவிட்டு விலகி, மூக்கை அலைக்கு நேராகத் திருப்பிவைத்துக்கொண்டு, துடுப்பை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பயந்து உட்கார்ந்தால்தான் கவிழும். பெரிய கப்பல்களின் தொல்லை இனிக் குறையும் என்றாள் அவள். உலக மரபு ஃபியோர்டுகளில் 10,000 டன்னுக்கு உட்பட்ட பயணிக் கப்பல்கள் 2026 தொடக்கத்திலிருந்து புகையில்லாமல்தான் ஓடவேண்டும், அதைவிடப் பெரியவற்றுக்கு 2032 வரை கெடு.

திரும்பும்போது காற்று சொன்னபடி முதுகில் வந்தது. சுகமாகத்தான் இருந்தது, ஆனால் படகின் வால் அடிக்கடி ஒருபக்கம் ஒதுங்கியது. மருமகள் பின்னாலிருந்து சுக்கானோடு மல்லுக்கட்டி, "அத்தை, நீங்க துடுப்புப் போடுறீங்களா இல்ல வேடிக்கை பாக்கீங்களா?" என்று கத்தினாள். வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு அலாரம் அடித்தபோது கரையில் இருந்தோம்.

கரையோரத்தில் சின்னச் சின்னக் கூடாரங்கள் தெரிந்தன. அங்கே அல்லெமான்ஸ்ரெட்டன் என்று ஒரு உரிமை இருக்கிறது, 1957லேயே சட்டமாகிவிட்டது. பயிர் செய்யாத நிலத்தில் யாரும் நடக்கலாம், கூடாரம் போட்டுத் தங்கலாம், காட்டுப்பழம் பறிக்கலாம். ஆள் வசிக்கிற வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும், ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் என்றால் உரிமையாளரைக் கேட்கவேண்டும். ஏப்ரல் 15லிருந்து செப்டம்பர் 15வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் நெருப்பு மூட்டக் கூடாது. குப்பையை எடுத்துக்கொண்டு போவதைச் சட்டம் போட்டுச் சொல்லவேண்டிய தேவை அங்கே இருப்பதாகத் தெரியவில்லை. நான்கு நாளில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில்கூட வழியில் பார்க்கவில்லை. பாட்டிலுக்கு வைப்புத்தொகை உண்டு, காலியைக் கடையில் கொடுத்தால் இரண்டு மூன்று குரோனர் திரும்பக் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீரே அருமையாக இருக்கும்.

கடைசி நாள் முட்டிக்கு ஓய்வு. இரண்டு சுரங்கங்களுக்கும் நடுவில் அந்தக் கண்சிமிட்டல் வெளிச்சம் வருகிறதே, அங்கே பஸ்ஸைவிட்டு இறங்கி உன்ட்ரெடால் என்ற கிராமத்துக்குப் போனோம். ஆறு கிலோமீட்டர் இறக்கம். காரில் வந்த ஒரு குடும்பம் ஏற்றிக்கொண்டது. 1988 வரை அந்த ஊருக்குச் சாலை கிடையாது, படகுதான். மனிதர்களைவிட ஆடுகள் பலமடங்கு அதிகம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டிய மரத் தேவாலயம் ஒன்று இருக்கிறது, நாற்பது பேர் உட்காரலாம், நம் ஊர் அம்மன் கோயில் கருவறையைவிடச் சற்றுப் பெரிது.

ஆட்டுப்பாலில் பாலாடைக்கட்டி செய்கிற ஊர் அது. அங்கே பழுப்பு நிறத்தில் ஒரு கட்டியைச் சீவி, ரொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பாலைத் திரியவைத்து, கட்டியை எடுத்த பிறகு மிஞ்சுகிற நீரை மணிக்கணக்கில் காய்ச்சிக் காய்ச்சி, அதிலுள்ள சர்க்கரை பழுப்பேறும்வரை வற்றவைப்பது. வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். திரட்டுப்பாலில் கை தவறி உப்பு விழுந்துவிட்ட மாதிரி இருந்தது. கொஞ்சம் ஆட்டு வாசனை, மற்றபடி அதேதான்.

"பால்கோவா மாதிரி இல்ல?" என்றாள் மருமகள்.

"உங்க அப்பாகிட்ட சொல்லிராத" என்றேன். கால் கிலோ வாங்கிக்கொண்டேன்.

படகுத்துறையில் உட்கார்ந்து அதைத் தின்றுகொண்டிருந்தோம். ஜூன் சரியான மாதம்தானா என்று பேச்சு வந்தது. அருவிகளுக்கு மே கடைசியும் ஜூனும்தான். மேலே பனி உருகி எல்லாச் சுவரும் ஒழுகும். ஆனால் உயரமான பாதைகளில் அப்போது பனி கிடக்கும். மலை ஏறுவதற்கு ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் வரலாம், பாதை காய்ந்திருக்கும், காட்டில் அவுரிநெல்லி (ப்ளூபெர்ரி) கிடைக்கும், கப்பல் கூட்டமும் குறையும். அடுத்த வருடம் அவள் படிப்பு முடிகிறது. முடிப்பதற்குள் ஒரு தடவை வாருங்கள், ரிம்ஸ்டீகனை முடித்துவிடலாம் என்றாள்.

"செப்டம்பர்ல இங்க எத்தன மணிக்கு இருட்டும்?"

"நடுவுல ஏழரை, எட்டு ஆகும் அத்தை. நம்மூர் மாதிரி பட்டுனு இருட்டாது, மெதுவாத்தான்."

"அப்ப காலைல எட்டுக்கு ஏறிரணும்" என்றேன். அவள் கைபேசியை எடுத்து எதையோ குறித்துக்கொண்டாள்.